கட்டொழுங்கும் உளக்காயமும்: பள்ளித் தண்டனை குறித்து ஒரு திறனாய்வு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வி வழக்கில் ‘கட்டொழுங்கு’ என்னும் சொல் நன்கு நிலைபெற்றுள்ளது. கட்டொழுங்கு ஆசிரியர், கட்டொழுங்குக் குழு, கட்டொழுங்குப் பதிவேடு எனப் பள்ளி நிருவாகத்தின் ஒரு பகுதியே இச்சொல்லைச் சுற்றி அமைந்துள்ளது எனலாம். ஒழுங்கு, ஒழுக்கம் என்னும் சொற்கள் ஒழுகுதல் என்னும் வினையிலிருந்து வந்தவை; தடையின்றி ஓடும் நீரின் இயல்பை உணர்த்துபவை. அவ்வொழுங்கின் முன்னே ‘கட்டு’ வந்து சேர்ந்தபோது, தானே ஒழுகுவது கட்டுப்படுத்தி ஒழுகச் செய்வதாயிற்று. தண்டனை என்னும் சொல்லோ கோலையே தன் வேராகக் கொண்டது. தண்டம் என்பது முதலில் கோல். பின்னரே கோலால் செய்யப்படும் செயல். ஆகவே பள்ளியில் பிரம்பு இருக்கலாமா என்னும் வினாவை எழுப்பும் போதெல்லாம், நாம் பயன்படுத்தும் சொல்லுக்குள்ளேயே ஒரு பிரம்பு கிடக்கிறது என்பதை மறத்தல் இயலாது.

2025ஆம் ஆண்டில் மலேசியப் பள்ளிகளில் நிகழ்ந்த சில கொடிய வன்முறைகளைத் தொடர்ந்து, பிரம்படியின் தேவை பற்றிய விவாதம் மீண்டும் எழுந்தது. நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் பேசப்பட்டவற்றுள் பெரும்பகுதி பிரம்பு வேண்டும், வேண்டா என்னும் இரு நிலைகளுக்குள் அடங்கிவிட்டது. தண்டிக்கப்படும் மாணவன் பள்ளிக்கு வரும் முன்னரே எதற்கு ஆளாகியிருந்தான் என்னும் வினா அங்குப் பெரிதும் எழவில்லை. இவ்வினாவை மையமாகக் கொண்டு கடந்த கால் நூற்றாண்டில், சிறப்பாக அமெரிக்காவில், ஒரு பெரும் சிந்தனைப் போக்கு வளர்ந்துள்ளது. அதனை அப்படியே ஏற்பதும் மேலைநாட்டுப் பழக்கம் என ஒதுக்குவதும் எளிது. இரண்டையும் தவிர்த்து, தவறிழைக்கும் மாணவனைச் சித்திரிக்கும் மூன்று பனுவல்களை அருகருகே வைத்துப் படிக்க இக்கட்டுரையில் முற்படுகிறோம். ஒன்று நன்னூலின் பொதுப்பாயிரம். மற்றொன்று 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள். மூன்றாவது 2015இல் வெளிவந்த ‘பேப்பர் டைகர்ஸ்’ என்னும் அமெரிக்க ஆவணப்படம்.

விலக்கப்பட்டோர் பட்டியல்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர், பாடங்கேட்கும் முறை என்னும் ஐந்தையும் விளக்குவது. ஆசிரியர் பயிற்சி பெறும் தமிழ் மாணவர் யாவரும் ஒருமுறையேனும் கடந்துவந்த பகுதி இது. ஆசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை என்பதை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். மேடையில் அதிகம் கேட்கப்படாத பகுதி ஒன்றும் அங்குண்டு. அது மாணாக்கராதற்குத் தகாதவரின் பட்டியல்.

அப்பட்டியலில் கள்ளுண்பவனும் சோம்பேறியும் செருக்குடையவனும் இடம்பெறுகின்றனர். அவர்களுடன் திருடுபவன், நோயாளி, பிணங்குபவன், சினமுடையவன், உறங்கிவழிபவன், மந்தன், உள்ளம் தடுமாறுபவன், பொய்யன் எனப் பலரும் நிறுத்தப்படுகின்றனர். இன்றைய உளவியல் நூலொன்றில், வீட்டில் நெடுங்காலம் அச்சத்துக்கு ஆளான குழந்தை வகுப்பறையில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று விவரிக்கும் பகுதியை எடுத்து இதனருகே வைத்தால் வியப்பே மிஞ்சுகிறது. சிறு சொல்லுக்கும் சீறிப் பாய்தல், இரவில் உறங்க முடியாமையால் பகலில் மேசைமீது சாய்தல், காரணம் புலப்படாத வயிற்றுவலியும் தலைவலியும், தப்பித்தற்பொருட்டுப் பொய் உரைத்தல், கவனம் சிதறுதல் என்பனவே அங்கும் அறிகுறிகளாகக் காணப்படுகின்றன. நன்னூல் இவற்றை ஆளின் இயல்பாகக் கண்டது; இன்றைய உளவியல் ஆளுக்கு நேர்ந்ததன் விளைவாகக் காண்கிறது. வேறுபாடு முழுவதும் இந்த ஓர் இடத்திலேயே உள்ளது.

இதனைக் கொண்டு நன்னூலைப் பழிப்பது முறையன்று. இலக்கணம் கற்க விரும்பித் தேடிவந்த ஒருவனை ஏற்பதா விடுப்பதா என முடிவு செய்யும் உரிமை பெற்றிருந்த ஆசிரியனுக்காக எழுதப்பட்ட நூல் அது. அப்பகுதி தண்டனை பற்றிப் பேசவில்லை என்பதும் நோக்கத்தக்கது. விலக்கும் உரிமை இருக்குமிடத்தில் தண்டிக்கும் தேவை எழுவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கோ அவ்வுரிமை இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அன்று முதல், நன்னூல் வாயிலில் நிறுத்திய அத்தனை பேரையும் வகுப்பறைக்குள் அமர்த்தி வைத்துக் கற்பிக்கும் கடமை ஆசிரியர்மேல் சட்டப்படி சுமத்தப்பட்டுள்ளது. நன்னூல் ஆசிரியனுக்கு வாய்த்த விலக்கு இன்றைய ஆசிரியருக்கு வாய்க்காதபோது, அவ்விடத்தை நிரப்ப வந்ததே பிரம்பு எனக் கருத இடமுண்டு. (திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம், அண்ணாந்தாள் முதலிய கடுந்தண்டனைகள் வழங்கின என்பது உண்மையே. ஆகவே பிரம்பைக் குடியேற்ற ஆட்சியின் கொடை என்று மட்டும் கூறிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது.)

நன்னூலில் மற்றொரு குரலும் ஒலிக்கிறது. மாணாக்கன் எவ்வாறு ஏற்பான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும்படி, முகமலர்ச்சியோடும் கோணலற்ற மனத்தோடும் கற்பித்தலே பாடஞ்சொல்லும் முறை என்று அதே பாயிரம் கூறுகிறது. ஏற்குமாற்றை அறிதல் என்பது எளிய கட்டளையன்று. சினத்தனின் சினம் எங்கிருந்து வருகிறது என அறியாமல் அவன் ஏற்குமாற்றை எங்ஙனம் அறிவது? இக்கட்டளையை முழுமையாக எடுத்துக்கொண்டால் விலக்கப்பட்டோர் பட்டியல் நிலைகுலைந்துவிடும். பாயிரத்தின் இவ்விரு பகுதிகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன என்பது நம் துணிபு. துயரம் என்னவெனில், நம் ஆசிரியர் அறைப் பேச்சில் தொடர்ந்து வாழ்வது முதற்பகுதியின் சொற்களே. முதல் மாணாக்கருக்கு உவமையான அன்னம் ஏட்டோடு நின்றுவிட, கடை மாணாக்கருக்கு உவமையான எருமை இன்றும் வகுப்பறையில் வசைச்சொல்லாக உலவுகிறது.

இலேசான பிரம்பு

1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1959ஆம் ஆண்டு விதிமுறைகள் மலேசியப் பள்ளிகளில் உடல்தண்டனையை ஒழுங்குபடுத்துகின்றன. தலைமையாசிரியரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட ஆசிரியரோ மட்டுமே பிரம்படி தரலாம்; ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே தரலாம்; இலேசான பிரம்பினால் உள்ளங்கையிலோ ஆடையின்மேல் பிட்டத்திலோ தரலாம் என்பது இவற்றின் சாரம். சிங்கப்பூர்ப் பள்ளி விதிமுறைகளின் 88ஆம் விதியும் ஏறத்தாழ இதே சொற்களில் அமைந்துள்ளது. ஒரே ஆட்சி மரபில் பிறந்த உடன்பிறப்புகள் இவை. இச்சிந்தனையை விதைத்துச் சென்ற பிரித்தானியர் தம் அரசுப் பள்ளிகளில் பிரம்படிக்கு 1987இல் முடிவு கட்டினர். இந்தியா 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் உடல்தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் சேர்த்துத் தடைசெய்தது. நம் இரு நாடுகளும் 1995இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இணைந்தன எனினும், அவ்வுடன்படிக்கை நிதானமான உடல்தண்டனையைத் தடுப்பதாகாது எனச் சிங்கப்பூர் அப்போதே ஓர் அறிவிப்பைப் பதிவுசெய்தது.

விதிமுறையை ஒரு பனுவலாகப் படிப்போமாயின் அதன் கூர்மை நம்மைக் கவர்கிறது. அடிப்பவர் யார், அடிபடுபவர் எப்பாலினர், எவ்வுறுப்பு, எக்கருவி என்பவற்றை அது ஐயத்திற்கு இடமின்றி வரையறுக்கிறது. கட்டற்ற அடியைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. அது எழுதப்பட்ட காலத்தை எண்ணினால் அதனை ஒரு காப்பு என்றே கொள்ளவேண்டும். ஆயினும் ‘இலேசான’ என்னும் அடைமொழி நம்மைத் தயங்க வைக்கிறது. அது பிரம்பின் எடையைக் குறிக்கிறது. அதே பிரம்பு, வீட்டில் அடியே அறியாத பிள்ளையின் கையிலும் முந்தின இரவு தந்தையின் இடைவாரால் அடிபட்ட பிள்ளையின் கையிலும் ஒரே அளவு இலேசாக விழுமா என்பதைக் கணக்கிட விதிமுறையில் வழியில்லை. சட்டம் புறத்தை மட்டுமே அளக்க முடியும். அகத்தை அளக்கும் பொறுப்பு அதனைக் கையாளும் ஆசிரியருடையது. ஆனால் அவ்வாசிரியருக்கு அகத்தை அளப்பதற்கான பயிற்சியோ நேரமோ தரப்படுவதில்லை.

பெண்பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கும் ஆராயத்தக்கது. ஆண் உடல் தாங்கும், பெண் உடல் தாங்காது என்னும் நம்பிக்கையே அதன் அடியில் உள்ளது. நடைமுறையில் பெண்பிள்ளைக்குப் பிரம்பின் இடத்தில் சொல் வருகிறது. வகுப்பின் முன் நிறுத்தி ஏசுதல், குடும்பத்தைச் சுட்டி இகழ்தல் போன்றவற்றை எந்த விதியும் உறுப்பு வாரியாக வரையறுக்கவில்லை. சொல்லால் நேரும் புண்ணைப் பற்றி நிறையப் பேசிய மொழியில் கல்வி கற்பிக்கும் நாம், இவ்விடைவெளியைக் கவனியாதிருத்தல் பொருத்தமன்று.

மற்றொன்றையும் இவ்விடத்தில் கூறவேண்டும். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் ஆகிய இருவரும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 75 ஆய்வுகளையும் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் உள்ளடக்கியது. பெற்றோர் கையால் தரும் ‘சாதாரண’ அடிகூடப் பிற்கால ஆக்கிரமிப்பு நடத்தை, உளநலக் குறைவு முதலியவற்றோடு தொடர்புடையதாகவே காணப்பட்டது. தொடர்புடைமை வேறு, காரணமாதல் வேறு என்பது உண்மையே. முரட்டுப் பிள்ளையே அதிகம் அடிபடுகிறான் எனலாம். எனினும் அடி நல்விளைவு தந்ததாக அத்தொகுப்பில் சான்று தென்படவில்லை என்பதை, ‘அடியாத மாடு படியாது’ என நம்புவோர் எதிர்கொண்டாக வேண்டும்.

புலியும் தாளும்

இனி மூன்றாவது பனுவலுக்கு வருவோம். அதற்குமுன் அதன் பின்புலத்தைச் சுருங்கக் காண்பது நன்று. 1980களில் சான் டியாகோவில் உடற்பருமன் சிகிச்சையகம் ஒன்றை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்கு குறைந்துவந்தோரே சிகிச்சையை விட்டு விலகுவதைக் கண்டு குழம்பினார். அவர்களை உசாவியபோது பலர் இளமையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டாவுடன் இணைந்து அவர் நிகழ்த்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. உடல்வதை, பாலியல் வதை, மனவதை, புறக்கணிப்பு, வீட்டில் குடிநோய், குடும்ப வன்முறை, பெற்றோர் பிரிவு, சிறைவாசம் முதலியவற்றை எண்ணிக் கூட்டும் பத்து அம்ச அளவுகோல் இவ்வாய்விலிருந்தே உருவாயிற்று. இரு கட்டங்களில் 17,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். எண்ணிக்கை கூடக்கூட முதிர்பருவத்தில் இதயநோயும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடின. பங்கேற்றோர் பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதி பெற்ற, கல்வி கற்ற வெள்ளை நடுத்தர வகுப்பினர் என்பது முக்கியம். வறுமையால் மட்டும் விளைவதன்று இக்காயம் என அது காட்டியது; அதே வேளையில் வறுமையும் இன ஒதுக்கலும் அப்பட்டியலில் இடம்பெறாமலே போயின.

வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கே உள்ள வாலா வாலா நகரின் லிங்கன் உயர்நிலைப்பள்ளி, வேறு பள்ளிகளில் நிலைக்க முடியாதோர் வந்து சேரும் ஒரு மாற்றுப் பள்ளி. அதன் முதல்வராயிருந்த ஜிம் ஸ்போர்லேடர் 2010ஆம் ஆண்டு மூளையியல் அறிஞர் ஜான் மெடினாவின் உரையொன்றைக் கேட்டார். நீடித்த அச்சம் மூளையின் கற்றல் திறனை முடக்குகிறது என்னும் கருத்து அவரை உலுக்கிற்று. ஆசிரியரைத் தகாத சொல்லால் ஏசிய மாணவனை உடனடியாக இடைநீக்கம் செய்வதை விடுத்து, அவனை அமரவைத்து, என்ன நேர்ந்தது, சினம் எந்த அளவில் உள்ளது எனக் கேட்கும் வழக்கத்தைத் தொடங்கினார். ஜேம்ஸ் ரெட்ஃபோர்ட் இயக்கிய ‘பேப்பர் டைகர்ஸ்’ இப்பள்ளியின் ஓராண்டைப் பின்தொடர்கிறது.

படத்தின் ஆற்றல் அதன் பொறுமையில் உள்ளது. மாணவர் கையிலும் ஒளிப்படக் கருவி தரப்பட்டமையால், வீட்டின் உட்புறம் அவர்தம் கண்வழியே நமக்குத் தெரிகிறது. எதிர்த்துப் பேசும் மாணவரை முதலில் அவ்வாறே கண்டு, பின்னர் அவர் கதையை அறியும்போது, பார்வையாளராகிய நாம் மேற்கொண்ட தீர்ப்பை நாமே மாற்றிக்கொள்ள நேர்கிறது. நன்னூல் பட்டியலின் ‘சினத்தன்’ என்னும் சொல்லுக்குப் பின் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது இப்படம். தலைப்பும் பொருத்தமானது. உண்மையான புலியோடு வாழ்ந்து பழகிய பிள்ளைக்குத் தாளில் வரைந்த புலியும் புலியே. ஆசிரியர் குரலை உயர்த்தியதும் உடல் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிவிடுகிறது. அந்நிலையில் அறிவுரையோ அச்சுறுத்தலோ உள்ளே செல்வதில்லை.

எனினும் இப்படத்தையும் இப்பள்ளியையும் போற்றி எழுதப்பட்டவற்றை நாம் அவ்வாறே வழிமொழிய இயலவில்லை. பரவலாக எடுத்துக்காட்டப்படும் எண்களைக் காண்போம். 2009–2010 கல்வியாண்டில் மாணவர் இடைநீக்கத்தில் கழித்த நாள்கள் 798. அடுத்த கல்வியாண்டில் 135. பள்ளி நீக்கம் 50இலிருந்து 30 ஆயிற்று. ஆசிரியர் எழுத்துவழி அனுப்பிய முறையீடுகள் 600இலிருந்து 320 ஆயின. இவற்றுள் முதல் எண்ணே அதிகம் புகழப்படுகிறது. ஆனால் இடைநீக்கம் மாணவன் செய்வதன்று, பள்ளி செய்வது. இடைநீக்கம் செய்வதில்லை எனப் பள்ளி முடிவெடுத்தால் அவ்வெண் மறுநாளே குறையும். அது மாணவர் மாறியதற்குச் சான்றாகாது. ஆசிரியர் முறையீடுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமையே சற்று வலுவான சான்று. அங்கும் ஒப்பிட வேறு பள்ளி இல்லை; மாணவர் தொகை சிறியது; முதல்வர் தனித்திறன் வாய்ந்தவர்; பள்ளியை ஒட்டியே மாணவருக்கான நலமையம் ஒன்று செயற்பட்டது. இவற்றை நீக்கிவிட்டு, முதல்வரின் கனிவான வினாவை மட்டும் பெயர்த்தெடுத்து வேறு மண்ணில் நட்டால் அது வேர்விடும் என்பதற்கு உறுதி இல்லை.

2019ஆம் ஆண்டில் கேம்ப்பெல் கூட்டமைப்பு வெளியிட்ட முறைசார் மீளாய்வு இவ்வையத்தை வலுப்படுத்துகிறது. உளக்காய நோக்குடைய பள்ளி அணுகுமுறைகளின் பயனை அளந்த ஆய்வுகளைத் தேடிச் சலித்தோர், தம் தரநிலைக்கு உட்பட்ட ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என அறிவித்தனர். பயனில்லை என்பது இதன் பொருளன்று. பயன் நிறுவப்படும் முன்னரே இவ்வணுகுமுறை பரவிவிட்டது என்பதே பொருள். அளவுகோலை உருவாக்கிய ஆண்டாவே 2020இல் தம் கட்டுரையில், மக்கள்தொகையை ஆராயும் கருவியைத் தனியாளின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தலாகாது என எச்சரித்தார். மாணவரிடம் படிவம் தந்து துயரங்களை எண்ணச் சொல்லும் ஆர்வலர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பட்டியலில் ஏழு பெற்ற பிள்ளை என ஒருவனைச் சுட்டுவதற்கும் மந்தன் எனச் சுட்டுவதற்கும் இடையே நாம் விரும்பும் அளவுக்குத் தொலைவு இல்லை.

கூரைமேல் உறங்கியவன்

இவ்வளவு குறை கூறியபின்னும் அவ்வணுகுமுறையை நாம் கைவிட முடியாமைக்கு ஒரு வழக்கே காரணம். 2015ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் காம்ப்டன் பள்ளி மாவட்டத்துக்கு எதிராக ஐந்து மாணவரும் மூன்று ஆசிரியரும் வழக்குத் தொடுத்தனர். மாணவருள் ஒருவன் வீடின்றிப் பள்ளியின் கூரைமேல் இரு மாதம் உறங்கினான் எனவும், அது கண்டுபிடிக்கப்பட்டபோது அவனுக்கு உதவி அளிக்கப்படவில்லை, இடைநீக்கமே அளிக்கப்பட்டது எனவும் மனுவில் கூறப்பட்டிருந்தது. உளக்காயத்தின் விளைவுகள் சட்டப்படி இயலாமையாகக் கருதப்படலாம் என்னும் வாதத்தைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட அவ்வாண்டு செப்டம்பரில் நீதிபதி மறுத்தார். அதேவேளை, கொடுமைக்கு ஆளானமையாலேயே எல்லாரும் இயலாதோர் ஆகிவிடுவதில்லை எனவும் தெளிவுபடுத்தி, உடனடித் தடையாணையையும் மறுத்தார். இவ்விரு பக்கமும் பார்க்கும் நிதானம் கல்வியாளரின் எழுத்தில் அரிதாகவே காணப்படுகிறது.

அம்மாணவன் மனுவில் கூறப்பட்டவாறே தண்டிக்கப்பட்டானாயின், விதிமுறைப்படி அது பிழையன்று. கூரைமேல் ஏறுதல் குற்றமே. விதி எழுதிய எவரும், பள்ளியே ஒருவனுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பான இடமாக இருக்கும் என எண்ணியிருக்கமாட்டார். இத்தகைய பிழையற்ற தண்டனைகள் நம் பள்ளிகளிலும் நிகழ்கின்றன. தாமதமாக வரும் பிள்ளைக்கு வாயிலில் நிற்கும் தண்டனை தருகிறோம். வைகறையில் தம்பி தங்கையரை ஆயத்தம் செய்துவிட்டு வருவது அவனாக இருக்கலாம். வீட்டுப்பாடம் முடிக்காதவனுக்கு ஓய்வுநேரத்தை மறுக்கிறோம். அவ்வேளையில் சிற்றுண்டிச் சாலையில் உண்பதே அவனது அன்றைய முதல் உணவாக இருக்கலாம்.

இவற்றைவிடக் கடுமையானது, தண்டனை என்றே நாம் எண்ணாத ஒன்று: பெற்றோரை அழைத்து வரச்சொல்லுதல். பிரம்பை வெறுக்கும் ஆசிரியரும் இதனை மென்மையான வழி எனக் கருதிக் கையாள்கின்றனர். காயத்தின் ஊற்று வீடாகவே இருக்குமாயின், பள்ளியின் கடிதம் அவ்வீட்டுக்குள் செல்லும் பிரம்பாகிவிடுகிறது. அதன் எடையையும் அது விழும் உறுப்பையும் 1959ஆம் ஆண்டு விதிமுறை கட்டுப்படுத்தாது. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா’ என்று தலைமையாசிரியர் அறையில் கூறும் தந்தையரை நம் ஆசிரியர் யாவரும் அறிவர். அதனை நம்பிக்கையின் வெளிப்பாடாக எடுத்துக்கொண்டு நகைப்பது வழக்கம். அச்சொல்லைக் கேட்டுக்கொண்டு அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது வழக்கத்தில் இல்லை.

மலேசியத் தமிழ்ப்பள்ளிச் சூழலில் இவ்விடர் தனித்தன்மை உடையது. இரப்பர்த் தோட்டங்களில் பிறந்த இப்பள்ளிகள் ஐந்நூறுக்கும் மேல்; தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபின் பல பள்ளிகள் 150க்கும் குறைந்த மாணவரோடு இயங்குகின்றன. இத்தகைய சிறு பள்ளிக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் வாய்ப்பது பெரும்பாலும் இல்லை. வகுப்பாசிரியரே ஆலோசகர், அவரே கட்டொழுங்கு ஆசிரியர், சில வேளைகளில் அவரே மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர். மன்னிப்பவரும் தண்டிப்பவரும் ஒருவராகவே இருக்கையில், பிள்ளை யாரிடம் சென்று பேசும்? மேலும், சிறு சமூகத்தில் எல்லார் வீட்டுக் கதையும் எல்லாரும் அறிந்தது. ‘இன்னாரின் மகன் அப்படித்தான் இருப்பான்’ என்னும் பேச்சு, காயத்தை அறிந்தும் பிள்ளையை அறியாத நிலையின் வெளிப்பாடு. அறிவதே போதும் எனில், நம் சிறு பள்ளிகளே உலகில் மிகக் கனிவான பள்ளிகளாக இருந்திருக்கும்.

ஆசிரியர் தரப்பின் மறுப்பையும் இங்கே கேட்டாக வேண்டும். வகுப்பில் முப்பத்தைவர் உள்ளனர். ஒருவன் எறிந்த நாற்காலி மற்றொருவன்மேல் விழுகிறது. அம்மற்றவனுக்கும் ஓர் இளமை உண்டு, அவனுக்கும் காயம் நேரலாம். எறிந்தவனின் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கையில் அடிபட்டவன் நமக்கு யாரும் இல்லை என எண்ணிவிடுவான் என்பது அவர்கள் அச்சம். இது நேர்மையான மறுப்பு. இதற்கு விடை லிங்கன் பள்ளியிலேயே உள்ளது எனினும் படத்தைப் புகழ்வோர் அதனைக் குறைவாகவே பேசுகின்றனர். அங்கும் பின்விளைவு இல்லாமலில்லை. ஏசிய மாணவன் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை எனினும் பள்ளிக்குள்ளேயே அமைதியான அறையொன்றில் தனித்திருக்க வேண்டியிருந்தது. பாடங்களை அங்கே முடித்தாக வேண்டியிருந்தது. 30 பேர் அப்போதும் நீக்கப்பட்டனர். விட்டுவிடுதல் அன்று அங்கு நிகழ்ந்தது; முறைமாற்றம். பிறரைக் காக்கும் கடமை மாறவில்லை, அதனை நிறைவேற்றும்போது அச்சமூட்டுதல் மட்டும் நீக்கப்பட்டது.

ஆகவே நம் கருத்தில், ஒவ்வொரு பிள்ளையின் கதையையும் தோண்டியெடுத்து, அதன்பின் தண்டனையைக் குறைப்பதா எனத் தீர்மானிப்பது தவறான வழி. அது பிள்ளையைத் தன் துயரத்தைச் சான்றாகக் கொண்டுவந்து காட்டி இரக்கம் பெறுமாறு செய்கிறது. சொல்லத் துணியாதவனுக்கோ பிரம்பு மிஞ்சுகிறது. வகுப்பில் யார் காயப்பட்டவர் என்பது தெரியாது, யாராகவும் இருக்கலாம் என்னும் எண்ணத்தோடு, காயப்பட்டவனையும் மேலும் காயப்படுத்தாத வகையில் எல்லார்க்குமான கட்டொழுங்கை அமைப்பதே தக்கது. மருத்துவமனையில் எவர் குருதியையும் கையுறையின்றித் தொடுவதில்லை. நோயாளியின் வரலாறு கேட்டபின் கையுறை அணிவதில்லை. அமெரிக்க அரசின் உளநலத் துறை அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மீளக் காயப்படுத்தாமையை ஒரு தனிக் கூறாகவே வைத்திருப்பது இக்கருத்துக்கு அரணாகிறது.

ஆய்வு மாணவருக்கு இத்துறையில் ஒரு பணி காத்திருக்கிறது. பள்ளிகளின் கட்டொழுங்குப் பதிவேடுகளில் நாளும் குற்றமும் தண்டனையும் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டுவருகின்றன. அவை பெரும்பாலும் ஒருவரின் குற்றவரலாறாகவே படிக்கப்படுகின்றன. ஒரு பள்ளியின் வரலாறாகப் படிக்கப்பட்டதில்லை. பெயர்களை நீக்கிவிட்டு அவற்றை நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் நிரல்படுத்திக் காணலாம். விடுமுறை முடிந்த திங்கட்கிழமைகளில் பதிவுகள் கூடுகின்றனவா, உணவு வேளைக்கு முந்திய பாடநேரத்தில் கூடுகின்றனவா, தேர்வு முடிவுகள் வீடு சென்ற வாரத்தில் கூடுகின்றனவா என வினவலாம். அடிக்கடி எழுதப்பட்ட பெயர்கள் எத்தனை என்பதோடு, அடிக்கடி எழுதிய கையெழுத்துகள் எத்தனை என்பதையும் எண்ணலாம். பதிவேட்டில் இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்க்க முடியுமாயின், ‘இதற்குச் சற்று முன் நிகழ்ந்தது’ என்பதாக அது இருக்கட்டும். தண்டிப்பவர் அதனை நிரப்புவதற்காகப் பேனாவை எடுக்கும் அந்த அரை நிமிடம் பிரம்பு மேசைமேல் இருக்கும்.